மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை

காலை பத்து நாற்பதுக்கு அந்த எண்ணை அழைத்தேன். எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் அழைத்தேன். நான்கு ரிங் போனதும் துண்டித்துவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை, ஒரு வாய் டீ குடித்துவிட்டு மூன்றாம் முறை. ‘மூன்று முறை அழைத்தும் புகார்தாரர் எடுக்கவில்லை’ என்று கம்ப்யூட்டரில் தட்டி, ‘முடிவு’ என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு. சிவப்பாக இருந்த வரி பச்சையானது. மொத்தமே மூன்று நிமிட வேலை. பெயர் செல்லாத்தாள், மில் லைன் தெரு, குடிதண்ணீரில் சாக்கடை நாற்றம். போன மாதமும் இதே அம்மா இதையேதான் எழுதியிருந்தார். அதையும் நான் இப்படித்தான் முடித்து வைத்தேன்.

எங்கள் நகராட்சியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம், அது போதும். என் பெயர் பாக்கியராஜ், அங்கே குடிநீர்ப் பிரிவில் புகார் பார்க்கும் உதவியாளர். சைதன்யா மேடம் ஆணையாளராக வந்து பத்து மாதம் ஆகிறது. போத்தனூர்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது. வந்த முதல் வாரமே கூட்ட அறைச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டச் சொன்னார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அதில் ஒரு கட்டம். எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் முடிந்தது என்று எல்லாமே தெரியும். புகார் முடிந்தால் பச்சை, கெடு தாண்டியும் நின்றால் சிவப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் நாங்கள் எல்லாரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். மேடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. “ஏனுங்க சார், இது பதினோரு நாளா நிக்குதுங்களே?” என்றுதான் கேட்பார். அந்த மரியாதைதான் ஆளைக் கொல்லும். இருபது பேர் முன்னால் திட்டு வாங்கிப் பழகியவன் நான். இருபது பேர் முன்னால் மரியாதை வாங்கிப் பழக்கமில்லை.

ஊருக்கு நல்லது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக எரியாத விளக்கெல்லாம் மூன்றே நாளில் எரிந்தது. குப்பை வண்டிக்காரர் தெருத்தெருவாக ஒழுங்காகப் போனார். எங்கள் பிரிவுக்கு மட்டும் மில் லைன் தெரு தொண்டையில் முள்ளாக நின்றது. அங்கே குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது. குழாயையே மாற்ற வேண்டும், அதற்கு டெண்டர், அனுமதி என்று ஒரு வருடம் பிடிக்கும் என்று கையை விரித்துவிட்டார் குழாய் ஃபிட்டர் சென்னியப்பன். கெடுவோ மூன்று நாள். அந்த ஒரு தெருவிலிருந்து மட்டும் பதினேழு சிவப்பு.

இதை மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார். எனக்கு வாய் வரவில்லை, பச்சைதான் வேண்டியிருந்தது. தவறான எண் கொடுப்பவர்களுக்காக அவர் ஒரு விதி வைத்திருந்தார். மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால் புகாரை முடித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ஓட்டை போதுமாக இருந்தது.

அந்தத் தெருவில் பாதிப்பேர், புகார் எழுதிய பதினேழு பேரும் சேர்த்து, நூல் மில்லில் பகல் ஷிஃப்ட். மில்லுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் இருக்கிறது என் யோக்கியதை. என் மனைவி கிருபாவதி ஒன்பது வருடம் அதே மாதிரி மில்லில், நூல் சுற்றும் வைண்டிங்கில் நின்றவள். கல்யாணம் பேசி முடித்த புதிதில், நான் ஆசையாகப் பகலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். ஏழு மணியிலிருந்து மூன்றரை வரை போன் கேட்டில் கிடக்கும், அப்போது கூப்பிட்டால் வாட்ச்மேன்தான் சிரிப்பார் என்று அப்போதுதான் சொன்னாள். அவள் வெட்கத்தோடு சொன்ன அந்த நேரத்தைத்தான் பதினேழு வீட்டுக்காரர்களை ஏமாற்ற எடுத்துக்கொண்டேன். தினமும் அவள் கட்டிக் கொடுத்த டிபனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அதையும் செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டம் முழுப்பச்சை. மேடம் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அடுத்த மாதம் சத்தியமங்கலத்தில் ஒரு பயிற்சி இருக்கிறது, அதில் நான் எங்கள் பிரிவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு என்னை மட்டும் இருக்கச் சொல்லி, மேசையில் ஒரு தாளை வைத்தார். வெறும் எண்ணிக்கையைப் பார்ப்பவர் இல்லை அவர், ஒவ்வொரு வரியையும் படிப்பவர். பதினேழு வரிகளுக்கும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். மாட்டிக்கொண்டேன் என்று முதுகெல்லாம் வேர்த்தது.

“மில் லைன்காரங்க நம்ம போன எடுக்கறதே இல்லீங்க சார். நம்ம மேல அத்தன வெறுத்துப் போச்சுங்களா?” என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. என்மேல் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. நான் எழுதிய பொய்யைப் படித்து அந்தத் தெரு ஜனங்களுக்காக அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் பாதி மனுஷனாகவாவது இருந்திருப்பேன். “இருக்கலாமுங்க மேடம்” என்றேன். அப்படியானால் நேரில் போய்ப் பேசலாம் என்று அன்றைக்கே நாலு மணிக்கு ஜீப்பை எடுக்கச் சொல்லிவிட்டார்.

போகிற வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டதை எந்தச் சர்ச்சிலும் சொல்ல முடியாது. யாரும் வீட்டில் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். பட்டியலில் முதல் பெயர் செல்லாத்தாள். கதவு திறந்தே இருந்தது.

ஐம்பதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு. ஆணையாளர் என்று தெரிந்ததும் பதறிப்போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். புகார் விஷயமாக வந்திருக்கிறோம், இவர்தான் போன் பேசுகிறவர் என்று மேடம் என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்கதானுங்களா சார்? மூணு தரம் கூப்புட்டிருந்தீங்க. என்ர மேலதானுங்க தப்பு. மில்லுல இருந்துட்டனுங்க.”

நான் தரையைப் பார்த்தேன். மீதியை அவரேதான் சொன்னார். முதல் தடவை எடுக்காமல் விட்டதில் புகார் முடிந்துபோய்விட்டதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. இரண்டாம் தடவை எழுதிப்போட்டதும், ஆபீசிலிருந்து கூப்பிட்டால் இந்தமுறை விடக் கூடாது என்று, கேட்டில் கொடுக்காமல் போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். நான்கு நாள் அப்படியே கொண்டுபோனார். நாலாம் நாள் பத்தே முக்கால் வாக்கில் இடுப்பில் அது அதிர்ந்தது. மிஷினை விட்டு ஒதுங்கி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அதிர்ந்தது, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை கையில் எடுத்தேவிட்டார். பேசுவதற்குள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“போன வாங்கி வெச்சு, சாயங்காலந்தான் குடுத்தாங்க, பதினஞ்சு நாளைக்கு வர வேண்டாம்னுட்டாங்க அம்மணி. அது போச்சாதுங்க, போனாப் போகுது. சார் மூணு தரம் மெனக்கெட்டும் பேச முடியாம போயிருச்சுன்னுதான் எனக்கு ஒரே வெசனமுங்க.”

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்போதும் சந்தேகம் இல்லை. பாவம், எப்படி ஒத்துவராமல் போய்விட்டது பாருங்கள் என்பது போலத்தான் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் இது இப்படியே முடிந்துவிடும் என்று எனக்குப் புரிந்தது. மேடம் மில்லுக்கு ஒரு போன் போடுவார், அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம், எனக்குச் சத்தியமங்கலத்தில் மேடை. ஆனால் குழாய் சாக்கடையில்தான் கிடக்கும். முடிந்துபோன புகாருக்கு யாரும் குழாய் மாற்ற மாட்டார்கள். என் நல்ல பெயரும் இந்தத் தெருவின் தண்ணீரும் ஒன்றாகப் பிழைக்க வழியில்லை.

இதையெல்லாம் யோசித்துத் துணிந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அந்த அம்மா இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன்.

“மேடம், அவங்க மில்லுல இருக்கற நேரம்னு தெரிஞ்சேதானுங்க கூப்பிட்டேன். எடுக்கக் கூடாதுன்னுதான் அந்த நேரத்துல கூப்பிட்டேன்.”

மேடம் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பிறகு, “எத்தன பேருங்க?” என்றார்.

“பதினேழு பேரையுமுங்க.”

அவர் கையில் இருந்த தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். அந்த ‘ங்க’ இனிமேல் எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். திட்டட்டும், இங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வெளியே யாரோ குடத்தை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. கிருபாவதியிடம் இதை எந்த முகத்தோடு சொல்வேன் என்று யோசித்தேன்.

செல்லாத்தாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கியதா, விளங்கியும் விளங்காதது போல் இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. முகத்தில் கோபம் இருந்திருந்தால் அதிலிருந்து தெரிந்துகொண்டிருப்பேன். பிறகு சுவரோரம் போனார். அங்கே தினசரிக் காலண்டர் தொங்கியது. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் நாட்களை அதன் அட்டையில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பென்சில். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப, நான் எத்தன மணிக்குங்க சார் போன எடுக்கோணும்? சொல்லுங்க, எழுதி வெச்சுக்கறனுங்க.”

பென்சில் முனை அட்டையில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சாய்த்து, நான் சொல்லப்போகும் மணிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.