திரை விழும்வரை வாடகைக்கு

கொன்றையூர் காலனிக் கலைவிழாவில், நாடகத்தின்போது மேடையில் யாருக்கு வீடு கொடுத்தாலும், திரை விழும்வரை அது அவருடைய வாடகை வீடுதான். சுவர்கள் வண்ணம் தீட்டிய படுதா, கதவு ஒட்டுப்பலகை. ஆனால் சாவி உண்டு, கதவு எண் உண்டு. நாடகம் முடிவதற்குள் வந்தால் தபால்காரர் அந்த முகவரிக்குக் கடிதம்கூடக் கொடுப்பார்.

குடியிருப்போர் சங்கம் வருடந்தோறும் சித்திரையில் நடத்தும் அந்த விழாவுக்கு 'எல்லோருக்கும் வீடு' என்று பெயர். சாதி, மதம், சாப்பாடு, நோய் எதையும் பார்க்காமல் வீடு கொடுக்க வேண்டும் என்று கோலம் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், பிள்ளைகளைப் படம் வரையச் சொல்வார்கள். சங்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள். விழா முடிந்ததும் போய், யார் யாருக்கு வீடு இல்லை என்று எழுதிய பலகையைத் தூசி தட்டி வாசலில் மாட்டுவார்கள்.

தவமணிக்கு மூன்று நாளைக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அவள் கணவர் முனிராசு இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். ஈரல் கெட்டுப்போய்விட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, மூன்று நாள் தாங்கினால் அதிகம், வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொல்வது சுலபம். ஆட்டோ வந்து நிற்பதற்குள் பழைய வீட்டுக்காரர் அவர்களுடைய பெட்டியையும் பாத்திரங்களையும் தெருவில் எடுத்து வைத்திருந்தார். வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது. விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் குடிவர மாட்டார்கள். ஊரறிந்த கட்டுப்பாடு அது. தவமணி சண்டை போடவில்லை.

அவரையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டே பதினோரு வீடு ஏறி இறங்கினாள். எல்லோரும் முதலில் முனிராசுவின் கண்ணைத்தான் பார்த்தார்கள். அது மஞ்சள் பூத்திருந்தது. உடனே கையை விரித்தார்கள். சங்கத் தலைவர் மாசிலாமணியின் மாடிப் போர்ஷன் ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அவர் நல்ல மனிதர், காப்பி கொடுத்த பிறகுதான் இல்லை என்றார்.

சங்கத்தின் செயலாளர் ஞானவடிவுதான் நாடகத்தை எழுதி நடத்துகிற அம்மாள். அவர் ஒரு வழி சொன்னார். நாடகத்தில் வீடு கிடைக்காமல் அலைகிற தம்பதியாக நீங்களே நடியுங்கள், மேடை வீட்டில் சாவதற்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது என்றார். நாற்பது நிமிட நாடகம் எப்படிப் போதும் என்று தவமணி கேட்டாள்.

"கடைசி வசனம் உங்களோடதும்மா. 'இதுதான் நம்ம வீடு'ன்னு நீங்க சொன்னாத்தான் திரை இறங்கும். அதுவரைக்கும் அவசரமில்லை."

தவமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் காலில் விழப் போனாள். அவர் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்றார்.

சனிக்கிழமை காலையில் நாடகம் தொடங்கியது. வீட்டுக்காரர் வேடம் வருடா வருடம் மாசிலாமணிக்குத்தான். "யாரா இருந்தா என்னம்மா, மனுசங்கதானே" என்று கண்கலங்கச் சாவியைக் கொடுத்தார். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. முனிராசுவைக் கட்டிலோடு உள்ளே தூக்கி வைத்தார்கள். தவமணி அவருக்குக் கஞ்சி புகட்டினாள், துணி துவைத்துக் கொடியில் போட்டாள். சனத்துக்கு உப்புமா வந்தது. நாடகம் நடக்கும்போது எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் ஒருவரும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனிராசு கண்ணைத் திறந்து நாலு பக்கமும் பார்த்தார். படுதா ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து நல்லா வருது. விட்டுராத இந்த வீட்ட" என்றார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உயிர் போயிற்று.

என்ன செய்ய வேண்டும் என்று தவமணி முன்பே தீர்மானித்திருந்தாள். கடைசி வசனத்தை இப்போது சொல்லக் கூடாது. அருப்புக்கோட்டையிலிருந்து நாத்தனார் வந்து முகம் பார்க்க வேண்டும். குளிப்பாட்டி, கோடி போட்டு, சொந்த வாசல் வழியாகத் தூக்கிப்போக வேண்டும். அப்புறம் திரை விழட்டும். ஆனால் துக்கத்துக்கு ஏது தீர்மானம்? கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மாரில் அடித்து, அவளுடைய சனம் எப்படி ஒப்பாரி வைக்குமோ அப்படி வைத்தாள். பதினோரு வாசல் மிதிச்சோமே, ஒரு கதவு திறக்கலையே என்று நீட்டி இழுத்தாள். அந்த இழுப்பிலேயே, எந்திரிச்சுப் பாருங்க, இதுதான் நம்ம வீடு என்று பாடிவிட்டாள்.

திரைக்கயிற்றைப் பிடித்திருந்தவர் மூன்று நாளாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். இறக்கிவிட்டார்.

திரை விழுந்ததும் நடித்தவர்கள் எல்லோரும் முன்னால் வந்து வரிசையாக நின்று கும்பிட வேண்டும். நாடகத்தில் செத்தவர்களுக்கும் அதில் விலக்கு கிடையாது. முனிராசு எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தவமணிக்குப் பக்கத்தில் வந்து கும்பிட்டார். சனம் எழுந்து நின்று தட்டியது. தவமணி தன் வாயில் தானே அறைந்துகொண்டாள். கெஞ்சிக் கூத்தாடி அவருக்கு வாங்கிக் கொடுத்த சாவை ஒற்றை வரியில் கெடுத்துவிட்டாளே. படுத்துக்கங்க, படுத்துக்கங்க என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கை சில்லென்று இருந்தது. அதற்குள் படுதாவை மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

மாசிலாமணி வேடம் கலைக்காமலே வந்தார். மாடிப் போர்ஷனை முனிராசுவுக்குக் கொடுப்பதில் இனித் தடையில்லை என்றார்.

"இவருக்கு இனிமே சாவு வராதும்மா. இந்த மாதிரி ஒரு ஆளத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்."

விழாவின் பலனாகக் கிடைத்த முதல் நிஜ வீடு இது என்று ஞானவடிவு ஒலிபெருக்கியில் அறிவித்தார். தவமணி தன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கேட்டில் மாசிலாமணி அவளை நிறுத்தினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"நீங்க உசுரோட இருக்கீங்களேம்மா" என்றார்.

புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு பெண் வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் உள்ளே விட்டார்கள். பால் நன்றாகப் பொங்கியது. ஒரு டம்ளர் ஊற்றி முனிராசுவிடம் கொடுத்தாள். அவர் கைக்குப் போனதுமே ஆறிவிட்டது. ஜன்னல் பக்கமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நிற்பதுபோல் நின்றார். அவர் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் மாசிலாமணி. மாடிப்படியில் தலைசுற்றுகிற மாதிரி இருந்தால் மட்டும், சிரமம் பார்க்காமல் தெருவரைக்கும் இறங்கிவிட வேண்டும் என்றார்.

சரிங்கய்யா என்று சொல்லிவிட்டுத் தவமணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.