இசிகேலி கொண்டுவந்த பல்

ஆறு நாளும் மூன்று மணி நேரமும். லௌட்டோகா மைதானத்தில் நெமானி தலையில் அடிபட்டு நினைவிழந்து விழுந்ததற்கும், சுவா நகரில் அவன் மறுபடி ரக்பி ஆடக் களமிறங்கியதற்கும் இடையே இருந்தது அவ்வளவுதான். பதினான்கு வருடமாகியும் அவன் மனைவி உனைசிக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. நாற்பத்தொரு வயது நெமானிக்கோ காலையில் சாப்பிட்டது நினைவில்லை.

சுவாவில் அந்தச் சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிரான்ஸ் நாட்டு அணி அவனை எடுத்தது. அங்கே ஒன்பது வருடம் ஆடினான். அடிகளும் கூடின. தலையில் பட்ட அடிகள் சேர்ந்து மூளையைச் சிதைத்துவிட்டன, இனி மீளாது என்று போன மாதம் டாக்டர் சொன்னார். முதல் அடி ஆறும் முன்பே ஆடவிட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பழைய பயிற்சியாளர் இசிகேலி மன்னிப்புக் கேட்க வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். தென்னைநார்க் கயிறு கட்டிய திமிங்கிலப் பல் அவர் மடியில் இருந்தது. நெமானியின் அண்ணன் வைசாகே அதை வாங்கிக்கொண்டால், ஊர் வழக்கப்படி மன்னித்ததாகிவிடும்; விஷயம் புதைந்துவிடும். பிறகு யாரும் வாய் திறக்க முடியாது.

உனைசி வாசலோரம் பெண்களோடு இருந்தாள்.

"யாருண்ணே இந்தக் குண்டன்?" என்றான் நெமானி.

"உன் கோச்சுடா."

"கோச்சா? அவரு ஓடுனா பந்தே பயப்படும். இவரு எந்திரிக்கவே ரெண்டு பேரு வேணும் போலயே!"

எல்லோரும் சிரித்தார்கள். இசிகேலியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பதினாலு வருஷம் கழிச்சுதான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றான் வைசாகே.

"வழி தெரியும் தம்பி. வர்றதுக்கு முகம்தான் இல்ல." இரு கைகளாலும் பல்லைத் தூக்கிப் பிடித்தார். "மூணு வாரமாவது உக்கார வச்சிருக்கணும். ஒரே வாரத்துல இறக்கிவிட்டுட்டேன். தப்பு என்னோடது. என்னோடது மட்டும்தான்."

அடுத்ததை அவர் சொல்வார் என்று உனைசி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வெளிச்சம் பட்டால் நெமானி கத்துகிறான் என்று ஜன்னலில் போர்வை கட்டியிருந்தாள். பிரான்ஸ்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவளும் பயணத்துக்குப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள்.

வைசாகே கை நீட்டினான்.

"அண்ணே, வாங்காதீங்க," என்றாள் உனைசி.

பெண்கள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிக்கொண்டு நடுப்பாய்க்கு வந்து மண்டியிட்டாள்.

"என்னம்மா இது? பல்லு முன்னால பொம்பள பேசுற வழக்கம் உண்டா?" என்றான் வைசாகே.

"வாங்கிட்டா அப்புறம் என்னால பேசவே முடியாதுண்ணே."

"தங்கச்சி, வேணாம்," என்றார் இசிகேலி மெதுவாக. "நான் வயசானவன். என்னோடயே போகட்டும்."

உனைசி கணவனைப் பார்த்தாள். அவன் கயிற்றின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தான். போன வருடம் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

"நாலாவது நாள் கோச் எனக்கு போன் பண்ணாரு," என்றாள். "தலைவலி இருக்கா, வாந்தி எடுக்குறானா, உண்மையைச் சொல்லு, இல்லன்னா இறக்க மாட்டேன்னாரு. இவரு வாந்தி எடுத்த வாளி என் கையில இருந்துச்சு. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காருன்னு நான்தான் சொன்னேன்."