ஆப்பின் தடித்த பக்கம்

பர்ஸானா, விடிய உன் வாப்பாவின் ஜீப்பில் ஏறாதே. உம்மாவையும் தம்பிமாரையும் ஏறவிடாதே. உயிலங்குளம் கலியாணத்துக்கு பஸ்ஸில் போங்கள். ஏன் என்று சொல்கிறேன். கேட்டபிறகு நீ என்னோடு பேசாமல் விட்டாலும் நியாயம்தான்.

தாழ்வுபாட்டுக் கரையில் மீன் பெட்டி ஏற்றும்போது உப்புத்தண்ணீர் அடியில் படுகிறது என்று வாப்பா அந்த ஜீப்பைத் தோட்டவெளிக்கு, என் அத்தானின் கராஜுக்குக் கொண்டுவந்தார். அத்தான் ஸ்பிரிங்குகளுக்கு மேலதிகத் தகடு போட்டு மூன்று அங்குலம் உயர்த்தினார். உயர்த்தினால் ஒரு வில்லங்கம் வரும். எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாப்ற் முன்னையைவிடச் சரிந்துவிடும். அதன் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுகள் ஒரே அளவாக மடங்காவிட்டால், வேகம் பிடிக்கும்போது வாகனம் உதறும். அதைத் தடுக்க ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்து ஷாப்ற் வந்து பொருந்துகிற அச்சின் மூக்கை நிமிர்த்த வேண்டும். ஆப்பு ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு.

"ஜெனி, போன மாசம் பிக்கப்புக்கு வச்சனி தானே, இதுக்கும் வை" என்று அத்தான் இரண்டு ஆப்பையும் என் கையில் தந்துவிட்டு ரவுணுக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்.

பிக்கப்பில் தடித்த பக்கம் பின்னுக்கு வந்தது. நானும் அப்படியே வைக்கப் போனேன். கூட வேலை செய்கிற சுபாஸ் அண்ணா தடுத்தார்.

"இரு ஜெனி. பிக்கப்ல ஸ்பிரிங் அச்சுக்கு மேல இருந்துச்சு. இதுல அடியில இருக்கு. திருப்பி வைக்கணும்ல?"

அவர் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்தான் இங்கே வந்தார். அவருடைய பேச்சு கராஜில் எல்லாருக்கும் பகிடி.

"உங்கட முகாமில வாகனமெல்லாம் பின்பக்கமாவோ ஓடினது?" என்று கேட்டேன்.

ரயர் ஒட்ட வந்த பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பர்ஸானா. அங்கே நிற்கிற ஒரே பொம்பிளைப் பிள்ளை நான். வழக்கமாக அவர்கள் சிரிப்பது என்னைப் பார்த்துத்தான். சுபாஸ் அண்ணா ஷாப்ற்றைப் பூட்டப் போய்விட்டார். நான் தடித்த பக்கத்தைப் பின்னுக்கே வைத்தேன்.

மூன்றாம் நாள் வாப்பா திரும்பி வந்து அத்தானைக் கூப்பிட்டார். "சாந்தரூபன், பாலத்தில ஐம்பதைத் தாண்டினா சீற்றுக்குக் கீழ மாவரைக்கிற மிசின் ஓடுது!"

அத்தான் அடியில் படுத்துப் பார்த்தார். ஆப்பைப் பார்க்கவில்லை. நான் வைத்தது என்பதால் பார்க்கவில்லை.

"ஷாப்ற் பூட்டினது ஆர்? சுபாஸ்! மூட்டை இறுக்கத் தெரியாதே உனக்கு? நாளையிலயிருந்து வரவேண்டாம்."

சுபாஸ் அண்ணா ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் குனிந்து நட்டுக் கழற்றுகிற சாவிகளை நம்பர்ப்படி அடுக்கினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தலையை நிமிர்த்தியபோது அவர் சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

அத்தான் புது மூட்டுப் போட்டுக் கொடுத்தார். இன்று பின்னேரம் காற்று அடிக்க வந்தபோது, "இப்ப பரவாயில்ல மகள், சின்ன முணுமுணுப்புத்தான். நாளைக்குக் குடும்பமா உயிலங்குளம் போறம்" என்றார் வாப்பா. அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போன் வெளிச்சத்தில் கீழே பார்த்தேன். புது மூட்டிலிருந்து கிறீஸ் தெறித்து அடித்தகட்டில் வட்டமாய் அப்பியிருந்தது. வேகத்தில் அது உடைந்தால் ஷாப்ற் கழன்று தார் றோட்டில் குத்தும். வாகனம் பிரளும்.

"என்ன மகள் தேடுறீங்க?"

"ஒண்டுமில்ல" என்றேன்.

பதினொரு மணிக்குச் சுபாஸ் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"தூங்கலயா?"

"அண்ணா, ஆப்பை நான்தான் பிழையா வச்சது."

"தெரியும்."

"அப்ப ஏன் அத்தானிட்டச் சொல்லேல்ல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பலையே. நீ சொல்லுவேன்னு ரெண்டு நாள் பாத்தேன்."

அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "ஜீப் எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"காலையில கிளம்புறாங்களா? அப்புறம் என்கிட்ட ஏன் அழுவுற? உங்க அத்தானை எழுப்பு."

இதுவரை எழுதியதைப் போனில் அனுப்பினேன், உனக்கு வந்து சேர்ந்துவிட்டது. நீ இன்னும் பார்க்கவில்லை. நீ நித்திரையாய் இருப்பாய். அதனால் இனி எழும்பிப்போய் அத்தானின் கதவைத் தட்டத்தான் வேண்டும். ஆப்பு பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு, சுபாஸ் அண்ணா முன்பே சொன்னதை மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதையும் உனக்கு எழுதிவைக்கிறேன், இனி மறைக்க முடியாதபடி.

சுபஹுத் தொழுகைக்கு எழும்பியதும், வாப்பா ஜீப்பை எடுக்க முடியாதபடி அதன் திறப்பை நீ வைத்துக்கொள். நாங்கள் ஜாக்கியோடு வருவோம். சுபாஸ் அண்ணா வருவாரா என்று தெரியாது. முதலில் அவருடைய வீட்டுக்குத்தான் போகவேண்டும். அத்தானோடு.