கறுப்பு வெள்ளையில் ஒரு சுபம்

முஸ்கான் வாட்ஸாப்பில் சினிமா டிக்கெட்டை அனுப்பிய நாளிலிருந்து ரவூபுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

"ஃபார்ட்டியத் ஆனிவர்சரி கிஃப்ட் லா வாப்பா," என்று சிங்கப்பூரிலேயே பொங்கோல் பக்கம் குடியிருக்கும் மகள் போனில் சொன்னாள். "நீங்களும் உம்மாவும் எப்பப் பாத்தாலும் பேசுவீங்களே, அந்தப் படம். ரீஸ்டோர் பண்ணி பிக் ஸ்க்ரீன்ல போடறாங்க. சண்டே ரெண்டரை மணி ஷோ. நல்ல சீட்டு."

எப்பப் பார்த்தாலும் பேசுவது உம்மாதான். வாப்பா தலையை மட்டும் ஆட்டுவார். 'கொலுசுக்கு வயசு பதினேழு' என்கிற அந்தப் படத்தின் கதையை அவர் மனைவி சாயிரா பானு சொல்லிக் கேட்காதவர்கள் பிடோக் வட்டாரத்தில் யாரும் இருக்க முடியாது. உப்பளத்து முதலாளியின் மகள், பள்ளிக்கூடம் போகிறவள். லாரியில் உப்பு ஏற்ற வரும் பையன் மேல் அவளுக்குப் பிரியம். அப்பா கத்துகிறார், அறையில் பூட்டுகிறார். அவள் ஒரு விடிகாலையில் கொலுசைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, உப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போய்விடுகிறாள். சுபம். "திரும்பிக்கூடப் பாக்கலை அவ," என்று பானு கதையை முடிக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். ரவூப் அப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஏனென்றால் லாரி கிளம்பும் அந்த இடத்தில் படம் முடியவில்லை. அங்கே வருவது இடைவேளை.

நாற்பது வருஷத்துக்கு முன் டன்லப் ஸ்ட்ரீட்டில் ரவூபின் மாமா ஃபாரூக் வீடியோ கடை வைத்திருந்தார். ரவூபுக்கு இருபத்து மூன்று வயது. பகலெல்லாம் கேசட் வாடகைக்குக் கொடுப்பது, கடை மூடியபின் இரண்டு பிளேயர்களை ஒயரால் இணைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படம் ஏற்றுவது, இதுதான் வேலை. பானு தன் உம்மாவுக்குப் படம் எடுத்துப்போக வருவாள். அவள் வாப்பா ஜாஃபர் மரைக்காயர் அராப் ஸ்ட்ரீட்டில் கைலி வியாபாரி. படம் என்றாலே முகம் சுளிக்கிறவர். அவர் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். ரவூபும் பானுவும் கல்லாப்பெட்டிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றபடியே ஒருவரை ஒருவர் விரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்ல மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் இரண்டு கேசட்டாக வந்தது. முதல் கேசட்டைப் பார்த்ததும் ரவூபுக்கு ஒரு யோசனை ஓடியது. பிற்பாதியை அவர் ஏற்றும் வேலைக்கு நடுவே அரைக்கண்ணால்தான் பார்த்தார். லாரியில் போனவர்கள் சோற்றுக்கில்லாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பது மட்டும் மனதில் நின்றது. இதைப் பார்த்தால் இவள் எங்கே வரப்போகிறாள்? லாரி கிளம்பியதும் பதிவை நிறுத்தினார். கையில் கிடைத்த வேறொரு பழைய படத்தின் கடைசித் துண்டை எடுத்து, 'சுபம்' என்ற எழுத்தை அங்கே கொண்டுவந்து ஒட்டினார். ஒரே கேசட். படம் முடிந்தது. அதைத்தான் பானுவிடம் கொடுத்தார்.

பத்தாம் நாள் பானு ஒரு பையோடு புக்கிட் மேரா வீட்டிலிருந்து பிடோக்கில் ரவூபின் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினாள். மரைக்காயர் சம்மதிக்கவில்லை. மார்க்க நீதிபதியான காதியார் விசாரித்து, பெண் தரப்பில் தாமே நின்று நிக்காஹை முடித்துவைத்தார்.

இந்தத் திருட்டுத்தனம் ஒன்றுதான் என்றால் ரவூப் என்றைக்கோ சொல்லிச் சிரித்திருப்பார். அதற்கடியில் இன்னொன்று கிடந்தது.

நிக்காஹ் முடிந்த மாதம் ஃபாரூக் மாமா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ இல்லாத நேரம் உன் மாமனார் கடைக்கு வந்தாரு. 'என் மக கடைசியா எடுத்துட்டுப் போன படம் எது? அதைக் குடுங்க'ன்னாரு. ரெண்டு கேசட்டையும் குடுத்தேன். எட்டு நாள் வச்சிருந்து கொண்டாந்து குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு."

இதை பானுவிடம் சொன்னால் இரண்டாவது கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. வாப்பா மனம் இளகுகிறது என்று தெரிந்தால் இவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று புது மாப்பிள்ளைக்குப் பயம். அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளினார். பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்றார். இரண்டாம் வருஷம் மரைக்காயர் மாரடைப்பில் மௌத்தாகிப் போனார். பானு போய்ப் பார்த்தது மய்யித்தைத்தான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து வந்தபோது பானு அவரிடம் சொன்னாள். "வாப்பாவுக்குக் கடைசியில மூளை குழம்பிருச்சாம். உம்மா சொல்றாங்க. ராத்திரி வாசல் கேட்டுக்குத் தாழ் போடவே விடமாட்டாராம். 'கை நிறையச் சாமானோட யாராச்சும் வந்தா எப்படித் தட்டுவாங்க?'ன்னு கேப்பாராம். அந்த வீட்டுக்கு யாரு வரப்போறா சாமானோட?" சொல்லிவிட்டு அழுதாள். ரவூபுக்கு உள்ளே என்னவோ நெருடியது. அந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நெருடலை அவர் கிளறவில்லை. கோழைக்கு அது கைவந்த கலை.

பிறகு வீடியோ கடைகள் போயின. ரவூப் ஒரு பள்ளிக்கூடத்தில் டெக்னிஷியனாகச் சேர்ந்து ஓய்வும் பெற்றார். அந்தப் படம் டிவியில் ஒருமுறைகூட வரவில்லை. பிரதியே அழிந்துவிட்டது என்றார்கள். பானுவின் தோழி நிரஞ்சனா ஒருமுறை, "அப்புறம் அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தபோது பானு சட்டென்று பிரியாணிக்கு எத்தனை பேர் என்று பேச்சை மாற்றினாள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று ரவூப் பெருமூச்சு விட்டார்.

இப்போது காப்பாற்ற யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை பானு நீலப் பட்டு உடுத்தி, முக்காட்டுக்குப் பொருத்தமாக ஊசி தேடிக் குத்திக்கொண்டு, அவருக்கு முன்னால் லிஃப்டில் ஏறினாள். ரவூப் ஒரு திட்டம் வைத்திருந்தார். இடைவேளை விட்டதும் வயிறு சரியில்லை என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிடுவது.

தியேட்டர் பாதி நிறைந்திருந்தது. எல்லாம் அறுபதைத் தொட்ட தலைகள். முதல் பாட்டு வந்ததும் முன்வரிசைப் பெண்மணி ஒருவர் வாய்விட்டுப் பாடினார். பானு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொலுசு வாசலில் வைக்கப்பட்டது. லாரி கிளம்பியது. ரவூப் வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தயாரானார்.

ஆனால் சிங்கப்பூர் தியேட்டரில் இடைவேளைக்கெல்லாம் விளக்குப் போடுகிற பழக்கம் இல்லை என்பது அவருக்கு அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. 'இடைவேளை' என்ற எழுத்து பளிச்சென்று சிவப்பில் வந்து, ரவூப் இருமுவதற்குள் படம் மேலே ஓட ஆரம்பித்துவிட்டது.

பானு அவர் பக்கம் சாய்ந்தாள். "உங்க சுபம் கறுப்பு வெள்ளை மச்சான்," என்றாள் காதில்.

ரவூப் திரும்பினார். "என்ன?"

"கலர் படத்துக்கு எவனாச்சும் கறுப்பு வெள்ளையில சுபம் போடுவானா? பின்னாடி ஓடுன பாட்டும் வேற. அன்னைக்கே தெரியும் எனக்கு. படத்தைப் பாருங்க."

நாற்பது வருஷம் சுமந்த பாரம் இப்படி ஒரே பேச்சில் இறங்கியதும் ரவூபுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். அவளும் சிரித்தாள். பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். நிக்காஹுக்குப் பிறகு இவ்வளவு லேசாக அவர் உட்கார்ந்ததில்லை.

அந்த லேசு இருபது நிமிஷம் தங்கியது. திரையில் அவர்கள் பட்டணத்தில் பட்டினி கிடந்தார்கள், சண்டை போட்டார்கள், அது அவருக்கு நினைவிருந்ததுதான். பிறகு படம் உப்பளத்து வீட்டுக்குத் திரும்பியது. இரவு. அம்மாக்காரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். கத்திக் கூப்பாடு போட்ட அதே அப்பா, சாய்வு நாற்காலியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறார்.

"தாழ் போடாதே. கை நிறையச் சாமானோட வந்தா எப்படித் தட்டுவா?"

பானுவின் கை நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டதை ரவூப் பார்த்தார். அதற்குப்பின் திரையில் நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் இரண்டு கையிலும் பையோடு வந்து, தோளால் கதவைத் தள்ள, கதவு திறந்துகொண்டது என்பது சத்தத்தில் தெரிந்தது. வண்ணத்தில் சுபம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. தேக்கா சந்தையில் ஒரு மேசையைப் பிடித்து இரண்டு இஞ்சி டீ வாங்கி வைத்தார் ரவூப். பானு குடிக்கவில்லை.

"அன்னைக்கே ரெண்டாவது கேசட்டைக் கேட்டிருக்கலாம் நான்," என்றாள். "பார்த்தா வரமாட்டேனோன்னு பயம். அதான் கேக்கலை. நிரஞ்சனா சொல்ல வந்தப்பக்கூட வாயை அடைச்சேன். அது என் தப்பு. ஆனா ஒண்ணு புரியலை மச்சான். வாப்பா படமே பாக்க மாட்டாரே. அந்த வசனம் அவருக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவரைக் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதேச்சையாக அமைந்தது என்று அவளே கொஞ்ச நாளில் சமாதானம் ஆகிவிடுவாள். ஃபாரூக் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாட்சி கிடையாது. ரவூபுக்கு அது எல்லாம் ஒரு நொடியில் தோன்றியது. ஆனால் சொல்லாவிட்டால், பானுவின் வாப்பா மூளை குழம்பிச் செத்தவராகவே இருந்துவிடுவார்.

"அவர் பாத்தாரு பானு," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மாமா சொன்னதை, தாம் தள்ளிப்போட்டதை, பயத்தை. சொல்லும்போது டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கேசட்டும் எடுத்துட்டுப் போனாரா?"

"ரெண்டும்."

"எத்தனை நாள் வச்சிருந்தாரு?"

"எட்டு நாள்."

பக்கத்து மேசையில் யாரோ எழுந்துபோய் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பானு முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அழுகை நிற்கவில்லை, அவளும் நிறுத்தப் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம் திறந்து வச்சிருந்திருக்காரு," என்றாள். "நீங்க சுபம் ஒட்டினதை அன்னைக்கே மன்னிச்சிட்டேன். அது ஆசைல செஞ்சது. இது வேற."

"தெரியும்."

"நான் புக்கிட் மேரா போறேன். சாகுல் வீட்டுல இருப்பான். அந்தக் கேட்டைப் பாக்கணும் எனக்கு. நீங்க வர வேணாம்."

அவள் தம்பி சாகுல் ஹமீது இன்னும் அதே பழைய வீட்டில்தான் இருக்கிறான். ரவூப் எழுந்து நின்றார். வேணாம் என்று சொன்னதற்குப் பிறகு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நீலப் பட்டு கூட்டத்துக்குள் புகுந்து பஸ் நிறுத்தம் பக்கம் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.

ரவூப் ரயிலேறி பிடோக் வந்து சேர்ந்தார். மகரிப் தொழுதார். முஸ்கான், "எப்படி இருந்துச்சு படம்?" என்று கேட்டு இரண்டு முறை போன் செய்திருந்தாள். எடுக்கவில்லை. இரும்பு கேட்டைச் சாத்திய கை, வழக்கப்படி தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு, நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாளானால் கேட்க அவருக்கு வாயில்லை. வராமல் போனாலும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். மரைக்காயர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரா என்று முதல்முறையாக யோசித்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரைப் பற்றி அவர் இப்படி யோசித்ததே இல்லை.

லிஃப்ட் நான்கைந்து முறை நின்று போனது. எட்டு மணி வாக்கில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பானுதான் வாட்ஸாப்பில் எழுதியிருந்தாள்.

"சாகுல் உம்மாவோட பித்தளைச் சட்டி, வாப்பாவோட கைலி ரெண்டு எல்லாம் கட்டிக் குடுத்துட்டான். கேட்டைத் தாழ் போடாதீங்க. கை நிறையச் சாமானோட வர்றேன்."

ரவூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடியவில்லை. கேட்டின் தாழ்ப்பாள் திறந்துதான் கிடந்தது.