வேண்டாமென்ற பாதி

டைல்ஸ் கடையில் அவள் கணவனுக்கு ஈடாகப் பேச ஆள் கிடையாது. குளியலறைக்குக் கல் பார்க்க வந்தவர்களை வீடு முழுக்க மாற்ற வைத்து அனுப்புவான். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, "அப்ப இனிமே இவ மட்டும் பேச, நான் கேட்டுட்டே இருக்கணுமா டாக்டர்? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். மருத்துவரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் கார்ச் சாவியை அவளிடம் நீட்டி, "நீயே ஓட்டு" என்றான்.

அவள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அவன் குரலைப் பதிவு செய்தாள். கட்டி அதற்குள் குரலைக் கரகரவென்று ஆக்கியிருந்தது. பசிக்குது, வலிக்குது, ரிமோட்ட எங்க வெச்ச என்று அன்றாடம் வேண்டியதையெல்லாம் சொன்னான். சண்டைக்கு வேண்டியதையும் விடவில்லை. "'உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்', இத மறக்காமப் போட்டுக்கோ. இது இல்லாம எப்படிக் குடும்பம் நடத்துறது?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவன் போனில் ஒரு பட்டன் வைத்தாள். குரல்வளை போன பிறகும் வீட்டில் அவன் சத்தம் ஓயவில்லை.

பட்டன்கள் சின்னதாக இருந்ததால் விரல் தவறிப் பக்கத்துப் பட்டனில் பட்டுக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் இதைத் தம்பியிடம் சொன்னாள். வேறு ஊரில் அதே வேலையில் இருப்பவன் அவன். லீவு போட்டு உட்கார்ந்து ஒரு பேட்ச் எழுதி அனுப்பினான். அவளுடைய புரோகிராமில் எந்த வரியை எடுத்துவிட்டு எதைப் போட வேண்டும் என்கிற திருத்தம் அது.

"அக்கா, பட்டனெல்லாம் பெருசாக்கிட்டேன். மாமா குரல்ல இருக்கற இரைச்சலயும் அது சுத்தம் பண்ணிடும். பழச அழிச்சுட்டு அதே இடத்துல புதுச வெச்சுடும். என் குரல்ல போட்டுப் பாத்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு."

"குரல்ல இப்பக் கை வெக்க வேணாம்டா. பட்டன மட்டும் எடுத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்தாள். பேட்ச் முழுவதையும் ஃபைலில் இறக்கிவிட்டு, புரோகிராமின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவியிடம் அதைத் துண்டு துண்டாகக் காட்டச் சொன்னாள். அது ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டது. பட்டன் துண்டுகளுக்குச் சரி என்றாள். குரல் துண்டுகளுக்கு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றவை ஃபைலை விட்டுப் போய்விட்டன என்றே நினைத்தாள்.

ஆனால் எதைச் சேமிக்கட்டும் என்றுதான் அந்தக் கருவி கேட்டது. வேண்டாம் என்றவற்றை அது சேமிக்கவில்லை, அவ்வளவுதான். ஃபைலில் அவை அப்படியே இருந்தன. போனை இணைத்து அவள் ஓடவிட்டபோது பேட்ச் முழுசாகவே ஓடியது.

பட்டன்கள் பெரிது பெரிதாக வந்தன. சந்தோஷமாக ஒன்றை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொன்றிலும் அதே காற்றுதான். தம்பியின் தெளிந்த குரலுக்குப் பழகிய புரோகிராம், கணவனின் கரகரப்பைத்தான் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வழித்துப் போட்டிருந்தது. போனில் இருந்த பதிவுகளும் அப்படித்தான், லேப்டாப்பில் இருந்தவையும் அப்படித்தான். அந்தக் கருவி சேமித்து வைத்திருந்தது புரோகிராமை மட்டும்தான், குரலை அல்ல. இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறாள். எடுத்து வைக்கவில்லை.

போனில் ஏதோ கோளாறு என்று கணவனிடம் சொல்லிவிட்டு, அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருபவரிடம் மறுநாள் ஓடினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். "அதே இடத்துல மேல எழுதிடுச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னங்க, உங்க குரல் அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சுட்டேன்."

அவன் போனை வாங்கி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தான். கடைசி பட்டன் வரைக்கும் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை. அழுகைக்கும் குரல்வளை வேண்டும் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிட்டான்.

பிறகு பல நாள் வீட்டில் பாத்திரச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான். ஒரு மாலை அவன் சமையலறை வாசலில் வந்து நின்று போனை நீட்டினான். எழுதுவதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றைத் தானாகவே போட்டுக்கொண்டிருந்தான். யாரோ ஒருவனின் குரல், எழுத்தெழுத்தாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசியது.

"உன் தம்பிகிட்ட சொல்லாதே. அவன் தாங்க மாட்டான்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வாரமே தம்பி கூப்பிட்டான். "மாமாவுக்குப் பட்டன் வசதியா இருக்காக்கா?"

"இருக்குடா. இப்பல்லாம் விரல் தவறுறதே இல்ல."

"எங்க, ஏதாவது ஒண்ண அழுத்தச் சொல்லு. மாமா குரலக் கேட்டு எத்தன நாளாச்சு!"

எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

"தூங்குறாருடா" என்றாள்.