கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த கூலியன் தீவில் எங்களுக்குக் கல்யாணம் நடக்கும், குழந்தையும் பிறக்கும். வளர்க்கத்தான் விடமாட்டார்கள். எங்களோடு இருந்த ரூஃபினாவின் மகள் லிகாயாவையும் பால் மறக்கும் முன்பே மேட்டிலிருந்த குழந்தைகள் விடுதிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். எங்கள் நோய் குழந்தைக்கு ஒட்டிவிடுமாம். மாதம் ஒருமுறை கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். தொடக்கூடாது.

உள்ளே லிகாயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவள் ஆயா கொன்சிங். நோயில்லாதவள், இலோயிலோ நகரத்திலிருந்து வேலைக்கு வந்தவள். ரூஃபினா மகளைப் பார்த்ததைவிட அவள் கைகளைத்தான் அதிகம் பார்த்தாள். விரல்கள் எல்லாம் முழுசாக, வழவழவென்று. அந்தக் கைதான் குழந்தைக்கு மூக்கைத் துடைத்தது, முடியைக் கோதிவிட்டது.

ஒரு முறை கொன்சிங் குழந்தையின் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, அதோ உன் அம்மா என்று காட்டினாள். ரூஃபினாவின் வீங்கிய முகத்தைக் கண்டதும் லிகாயா வீறிட்டாள். கொன்சிங்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். சத்தம் வெளியே கேட்கவில்லை. வாயசைவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கோயிலில் மண்டியிடும்போது ரூஃபினா தனக்குக் குணமாக வேண்டும் என்று கேட்கவில்லை. கொன்சிங்குக்கும் இந்த நோய் வரட்டும் என்று கேட்டாள். எங்களிடம் அதை ஒளிக்கவும் இல்லை.

வந்தது. மழைக்காலம் முடியும் நேரத்தில் கொன்சிங்கின் முழங்கையில் ஒரு தேமல், கிள்ளினால் வலிக்காத தேமல். சோதித்துப் பார்த்துவிட்டு அவளைக் கீழே எங்கள் பக்கம் அனுப்பினார்கள். நோய்க்குப் போடும் நீரடிமுத்து எண்ணெய் ஊசிக்கான வரிசையில் ரூஃபினாவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ரூஃபினா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “வாங்க மகராசி. இனிமே எந்தக் குழந்தையத் தூக்குவீங்க?”

கொன்சிங் ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

அந்த மாதம் ரூஃபினா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு மேடேறினாள். லிகாயா யார் இடுப்பிலும் இல்லை. கன்னம் ஒட்டிப்போய்த் தரையில் கிடந்தாள். எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள், கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று புது ஆயா வாசலில் தள்ளி நின்று சொன்னாள். ரூஃபினா அங்கேயே உட்கார்ந்து கெஞ்சி, மறுநாளும் வர அனுமதி வாங்கினாள். இறங்கியதும் நேரே கொன்சிங்கின் கட்டிலுக்குப் போனாள்.

“காலையில என்கூட வா. எம்மவ சாப்பிட மாட்டேங்கிறா. ஒன்னத்தான் தேடுறா.”

மறுநாள் கொன்சிங்கைக் கண்டதும் லிகாயா ஓடிவந்து கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் அப்பினாள். கொன்சிங் பெற்றவளுக்கு இடம்விட்டு ஒதுங்கப் பார்த்தாள்.

“நகராத,” என்றாள் ரூஃபினா. “மொதல்ல அவ சாப்பிடட்டும்.”

புது ஆயா கஞ்சி ஊட்டினாள். கொன்சிங்கைப் பார்த்தபடியே குழந்தை கிண்ணம் முழுவதையும் குடித்தது. பின்னால் நின்ற ரூஃபினாவை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

இறங்கும் வழியில் ரூஃபினா கேட்டாள்: “எப்படித் தூங்குவா?”

“காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான்.”

“யாரு காத?”

“எங்காதைத்தான், அக்கா.”

ரூஃபினாவுக்கு வயிறு எரிந்தது.

“வேற?” என்றாள்.

“இடி இடிச்சா பயப்பட மாட்டா. சிரிப்பா.”

“வேற?”

கொன்சிங் சொல்லிக்கொண்டே வந்தாள்.