வரதன் வேலி ஏறவில்லை

1

இந்தக் கதை எனக்குத் துணி துவைக்கிற கல்லில் கிடைத்தது.

புதுப்பட்டினத்தில் எங்கள் எதிர்வீட்டுச் சாராள், புருஷன் ஜெபகுமாரின் கம்பெனிப் பேன்ட்டை நுரைத்தண்ணீரில் முக்கப் போனவள், பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். அப்புறம் தெருவைப் பார்த்தாள். கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருத்தி தெருவைப் பார்த்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்கிற வேலை இருந்தது. கீரை இல்லாவிட்டாலும் இருந்திருக்கும்.

அவள் எடுத்தது வேறொருத்தியின் போட்டோ இல்லை. (இருந்திருந்தால் எழுதுவது எவ்வளவு சுலபம்.) உள்ளங்கைக்கு அடக்கமான ஒரு கறுப்பு பிளக்.

அடுத்த வீட்டு வரதனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் அது.

இதில் பாதி நான் பார்த்தது. கொஞ்சம் காதில் விழுந்தது. மீதி நான் இட்டு நிரப்பியது. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பம்தான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

“புதிய நூற்றாண்டின் விடியலில், செங்கல்பட்டின் பொட்டல்வெளிகளில் எஃகுக் கரங்கள் முளைத்தன. மனிதனும் இயந்திரமும் தோளோடு தோள்”

தோளாவது, மண்ணாவது. அந்த எந்திரத்துக்கு இருப்பதே ஒரு கை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்:

“அன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வரதனுக்குத் தெரியாது, அவன் இனி ஒருபோதும்”

இதுவும் வேண்டாம். யாருக்குத்தான் தெரிகிறது? அன்று காலை வரதன் பஸ்ஸுக்கு ஓடினதே, பெண்டாட்டி வரலட்சுமி முருங்கைக்காய் பறித்துத் தரச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான். ஏணி என்றால் அவனுக்கு ஆகாது. இரண்டாவது படியில் கால் நடுங்கும். தெருவே பார்த்துச் சிரித்திருக்கிறது, நான் உட்பட. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதன்மேல்தான் நிற்கிறது.

3

வரதனும் ஜெபகுமாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். ரெண்டு பேரின் அப்பன்மாரும் அடுத்தவன் நிலத்தில் சேறு மிதித்தவர்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார், மற்றவர் ஆடி மாதம் போவார். கூலி ரெண்டு பேருக்கும் ஒன்று. பிள்ளைகள் செங்கல்பட்டு ஐடிஐயில் ஒன்றாகப் படித்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். நடுச்சுவர் ஒன்றாக வைத்து மெத்தை வீடு கட்டினார்கள். “மச்சான்” என்றால் ரெண்டு வீட்டிலிருந்தும் குரல் வரும்.

கம்பெனி, செங்கல்பட்டு தாண்டி ஹைவேஸ் ஓரத்தில். கார்க் கதவு செய்கிற இடம். பெயர் வேண்டாம். நான் கட்டின கம்பெனி அது, தேடினால் கிடைக்காது.

அங்கே ஒரு கம்பிவலைக் கூண்டு, ஆள் உயரத்தைவிட நல்ல உயரம். உள்ளே ரெண்டு ரோபோ. ஒன்று கதவுச் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும். அதற்குப் பசங்கள் வைத்த பெயர் மாமன். மற்றது வெல்டிங் வைக்கும், அது மச்சான். மாமன் பிடித்து முடித்தால் மச்சானுக்குத் தகவல் போகும். மச்சான் பற்றவைத்து முடித்தால் மாமனுக்குத் தகவல் வரும். தகவல் வராவிட்டால் அது அது அப்படியே நிற்கும். முணுமுணுப்பு கிடையாது, கொட்டாவி கிடையாது. எங்கள் தெருவில் எந்த மாமன் மச்சானும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

கூண்டுக்கு ஒரு கதவு. அந்தக் கதவோடு சங்கிலி போட்டுக் கட்டின ஒரு பிளக், பக்கத்துக் கம்பத்து ஓட்டையில் செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால்தான் கதவு திறக்கும். பிடுங்கினால் ரெண்டு எந்திரத்துக்கும் மூச்சு நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஒரு குறை, மறுபடி மூச்சு வர நேரமாகும். அதுவரை மேலே போர்டில் சிவப்பு விளக்கு எரியும், கீழே சூப்பர்வைசர் கலைவாணன் எரிவார். “இன்னா ஜெபா, லைன நிறுத்திட்டு நாஸ்தா துன்னுகினு கீறியா?”

அதனால் ஜெபகுமார், ஓரங்கட்டின பழைய மெஷினிலிருந்து இன்னொரு பிளக்கைக் கழற்றிவந்து அந்த ஓட்டையில் செருகி வைத்தான். சங்கிலி பிளக் சும்மா தொங்கும். கதவை எத்தனை தரம் திறந்தாலும் எந்திரத்தைப் பொறுத்தவரை அது மூடியே இருக்கும். எல்லா ஷிஃப்ட்டும் அதை வைத்துத்தான் பிழைத்தது. கலைவாணன், “நான் எதையும் பாக்கல” என்றார், நன்றாகப் பார்த்துக்கொண்டே.

இதை ஜெபகுமார் ஒருநாள் சோற்றுத்தட்டின் முன்னால் சொன்னான்.

“அதுக்குப் பேரு இன்னா தெரியுமா? சின்னவூடு. வரதன் வெச்சான்.”

“வெப்பான், வெப்பான். வரலட்சுமி காதுல போட்டு வெக்கட்டா?”

“பேருக்குத்தான்டி. பெரியவூடு தொங்கிகினு கீது, சின்னவூடு வேல செய்யுது.”

சாராள் புரையேறச் சிரித்தாள்.*

*(பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காதது வேறு எதற்கும் இல்லை, இந்தச் சிரிப்புக்குத்தான்.)

4

இதை நீளமாக எழுதிக் கிழித்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கையளவு இரும்புத் துண்டு ஒன்று வைத்த இடத்திலிருந்து சறுக்கி விழுந்தது. துண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மின்கண் உண்டு. கண்ணுக்குத் துண்டு தெரியவில்லை, அதனால் மாமனுக்குத் தகவல் போகவில்லை. மாமன் கையைப் பாதியில் நீட்டியபடி நின்றது. அதைப் பார்த்து மச்சானும் நின்றது.

வரதன் கதவைத் திறந்து உள்ளே போனான். குனிந்தான். துண்டை எடுத்துச் சட்டையில் துடைத்தான், அவன் பழக்கம் அது. இடத்தில் வைத்தான்.

கண் பார்த்தது. தகவல் போனது. மாமன் வந்தது.

நின்றுபோன எந்திரம் வேறு, காத்திருக்கிற எந்திரம் வேறு. வெளியே இருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வரதன் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஜெபகுமார் சிவப்புப் பொத்தானை அறைந்தபோது மாமனுக்கும் இரும்பு மேடைக்கும் நடுவில் வரதனின் நெஞ்சு இருந்தது. கலைவாணன் ஓடிவந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

“பிளக்க எடுத்துட்டியா?”

ஜெபகுமார் எடுத்தான். கதவைச் சாத்தி, சங்கிலி பிளக்கை அது இருக்கவேண்டிய ஓட்டையில் செருகினான். சின்னவூடு பேன்ட் பைக்குள் போனது.

(ஏன் எடுத்தான் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். பயம், பழக்கம், சொன்னதைச் செய்கிற கை, என்றெல்லாம். அவனுக்கே தெரியாததை நான் எங்கிருந்து)

5

கம்பெனியின் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. உடம்பை எடுக்கத் திறக்கும்வரை கதவு மூடியே இருந்தது என்று அது சொன்னது. அதற்குத் தெரிந்தது அதுதான். மூடின கதவுக்குள் ஒரு ஆள் இருந்தால் அவன் எப்படி உள்ளே போயிருப்பான்? கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். வேலி ஏறிக் குதித்திருக்கிறான். விதியை மீறி, தன் இஷ்டத்துக்கு. அப்படித்தான் எழுதினார்கள்.

ஏணியில் இரண்டாவது படி ஏறாத வரதன், செத்தபிறகு அந்தக் கூண்டை ஏறிக் குதித்தான்.

வரலட்சுமி அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். வியாழக்கிழமை விசாரணைக்கு அரசாங்கத்து ஆபீசர் வருகிறார். சாட்சி ஒரே ஆள், ஜெபகுமார். புருஷன் பெயர் எப்படி எழுதப்படும் என்பது அவன் வாயில் இருந்தது. அவள் நடுச்சுவர் ஓரமாக நின்று கேட்டாள். நான் அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கின இடத்தையே.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எப்பிடி ஏறனாரு?”

“நான் அந்தாண்ட திரும்பிகினு இருந்தேன் தங்கச்சி.”

“முருங்கக்கா பறிக்கச் சொன்னா ஏணி ஆடுதுன்னு உங்கள கூப்புடுவாரு. நீங்க வந்து பறிச்சிக் குடுத்துட்டு அவர ஓட்டுவீங்க. அவரா ஏறனாரு?”

ஜெபகுமார் செருப்பைத் தேடினான். காலில்தான் இருந்தது.

“சிநேகாவ ஸ்கூல்ல கேக்கறாங்களாம், உங்கப்பா இன்னாத்துக்கு வேலி ஏறனாருன்னு. நான் இன்னா சொல்லட்டும் பொண்ணுக்கு?”

“பஸ்ஸு வந்துடும் தங்கச்சி” என்றான். அன்றைக்கு அவனுக்கு லீவு.

6

சாராளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் தடவை எழுதினபோது அவள் பிளக்கைப் பார்த்ததுமே அழுதாள், ஜெபம் பண்ணினாள், நேராக வரலட்சுமி வீட்டுக்கு நடந்தாள். ரொம்ப நல்லவளாகிவிட்டாள். எனக்குத் தெரிந்த சாராள் அப்படி இல்லை. மோட்டார் தண்ணீருக்காக வரலட்சுமியோடு மாதக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டு இருந்தவள். பிறகு ஒரு கிண்ணம் மீன்குழம்பைச் சுவர்மேல் வைத்துச் சமாதானமானவள். வரதன் செத்த அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டவளும் அவள்தான். அவளேதான் அந்த பிளக்கைக் கழுவித் துடைத்துத் தன் அடுக்களையில் புளிப்பானைக்குள், புளிக்கு அடியில், புதைத்தாள். ரெண்டும் ஒரே கை.

புருஷனை ஒருதரம் கேட்டாள்.

“வியாழக்கெழம இன்னா சொல்லப்போற?”

“பாக்கலன்னு.”

“பாத்தியே.”

“சொன்னா பிளக்கு போட்டவன் நான்தான்னு என்னத்தான் உள்ள தள்ளுவான். கலைவாணனா வருவான் தொணைக்கு? இந்த வூட்ல அடுப்பு எரியணுமா வேணாமா?”

“அவ வூட்ல எரியலயே.”

“நீ வேணா போய்ச் சொல்லு. போ. சொல்லிட்டு வா.”

சாராள் போகவில்லை. தட்டைக் கழுவினாள். தப்பு என்று தெரிந்தும் புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப அவளுக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு இருந்திருக்குமா?

7

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் சாராள் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் போய் பிளக்கைக் கடலில் வீசுகிறாள். அலை எழும்பி விழுகிறது, முற்றும். வேண்டாம். சுனாமிக்கு அடுத்த வருஷம் இது. கடல் எதை வைத்துக்கொள்ளும், எதைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போடும் என்று எங்களிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்றில் ஜெபகுமார் ஆபீசர் முன்னால் எழுந்து, “பிளக்கு போட்டது நான், எடுக்கச் சொன்னது அவரு” என்று கலைவாணனைக் காட்டுகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று யோசித்தேன். அந்த பிளக்கை வைத்துத்தான் எல்லோரும் வேலை பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. அடித்தேன்.

மூன்றாவதில் வரதன் இடத்துக்கு இன்னொரு ரோபோ வருகிறது. அது நடந்தது. ஆனால் அது முடிவு இல்லை, செய்தி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை எழுதினபோது சாராள் பிளக்கைப் பரண்மேல்தான் போட்டாள். பரணில் கிடந்தால் அது அங்கேயே கிடக்கும். வியாழக்கிழமை வரும், போகும், வரதன் காலாகாலத்துக்கும் வேலி ஏறிக் குதித்துக்கொண்டே இருப்பான். எனக்கு மனசு ஒப்பவில்லை. புளிப்பானைக்கு மாற்றினது நான்தான். புளி கடன் கேட்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

8

புதன்கிழமை மத்தியானம். சாராள் அடுக்களையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். காரியம் முடிந்து முதல்முறையாக வரலட்சுமி கிண்ணத்தோடு படியேறி வந்தாள்.

“இன்னிக்கு நானே ஆக்கலான்னு கீறேன் அண்ணி. எத்தினி நாளு நீயே ஆக்கிப் போடுவ. நாளைக்கு வேற ஆபீசர் முன்னாடி நிக்கணும், வெறும் வயித்தோட போனா மயக்கம் வருது. கொஞ்சம் புளி குடேன்.”

“இரு, நான் எடுத்தாரேன்.”

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டாள். எழுந்த வேகத்தில் அரிவாள்மணை சாய்ந்தது.

“கையெல்லாம் கவுச்சி, நீ எங்க எடுப்ப. ஒக்காரு. உன் பானை எனக்குத் தெரியாதா?”

“வரலட்சுமி, அடில பூச்சி கீது. மேலாப்ல”

“பூச்சி இன்னா பண்ணும்.”

மூடியை எடுத்தாள். கை விரல்வரை போனது. பிறகு மணிக்கட்டுவரை போனது.

நின்றது.

எதிர்வீட்டு வாசலும் அடுக்களையும் நேர்கோட்டில் இருப்பதால் எனக்கு இவ்வளவு தெரிகிறது: வரலட்சுமியின் முதுகு, பானைக்குள் இருக்கிற கை, பாதி எழுந்து பாதியில் நிற்கிற சாராள், அவள் விரல் நுனியிலிருந்து சொட்டுகிற மீன்தண்ணீர். யாரும் அசையவில்லை. கையில் பட்டது இன்னதென்று வரலட்சுமிக்குத் தெரியுமா? வரதன் தன் வீட்டுச் சோற்றுத்தட்டின் முன்னாலும் சின்னவூடு கதையைச் சொல்லிச் சிரித்திருப்பானா? அவன் சொல்லாத ஜோக்கு கிடையாது. அதை மட்டும் நான் எழுதவில்லை.

இதற்குமேல் என் பேனா போகவில்லை. அந்தக் கை நின்றுபோயிருக்கிறதா, காத்திருக்கிறதா என்று இங்கிருந்து பார்த்தால் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே இருக்கிற சாராளுக்கும் தெரியவில்லை. அவள் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ஒரு வார்த்தை போதும், எல்லாம் நகர்ந்துவிடும். எந்தப் பக்கம் நகரும், யார் நெஞ்சு நடுவில் இருக்கும் என்று தெரியாமல் அந்த வார்த்தையை நான் உள்ளே வைக்கமாட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் போய் வையுங்கள். சாராள் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது.